வீட்டுக் கடனும் 'முடித்துத் தருகிறோம்' என்பவர்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கணவருக்கு வேலை போனதால், 24 லட்ச ரூபாய் வீட்டுக் கடனில் இரண்டு மாதத் தவணை நிலுவையில் இருக்கிறது. 'வங்கியிடம் பேசிக் கடனைப் பாதியில் முடித்துத் தருகிறோம். 40,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள், இனித் தவணை கட்டாதீர்கள், வீட்டுக்கு ஒரு பவர் மட்டும் எழுதிக் கொடுங்கள்' என்று ஒருவர் தொலைபேசியில் வற்புறுத்துகிறார். நம்பலாமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: நம்ப வேண்டாம், அம்மா. அவர் கேட்கும் பணத்தைவிட அந்தப் பவர் பத்திரம்தான் ஆபத்தானது. வங்கியிடம் உங்கள் சார்பில் பேச ஒரு கடிதமே போதும் என்றிருக்க, வீட்டை விற்கும் அதிகாரம் அவருக்கு எதற்கு? மூலப் பத்திரம் வங்கியில் இருந்தாலும், நகலையும் பவரையும் காட்டி வேறொருவரிடம் கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கிவிட்டால், பணம் கொடுத்தவர் தேடி வருவது உங்கள் வாசலுக்குத்தான். ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், தாமதிக்காமல் வழக்கறிஞரைக் கண்டு, பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். பணம் இணையவழியில் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் சொல்லுங்கள்.

'தவணை கட்டாதீர்கள்' என்பது அதைவிடக் கெட்ட யோசனை. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால்தான் கணக்கு வாராக் கடனாகும்; நீங்கள் இன்னும் அந்த எல்லைக்கு இப்பால்தான் இருக்கிறீர்கள். மிகப் பழைய நிலுவையிலிருந்தே நாள் எண்ணப்படுவதால், இப்போது ஒரு தவணையைக் கட்டினாலும் அவகாசம் கிடைக்கும். எல்லையைத் தாண்டிவிட்டாலோ, நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். எனவே, வேலை போனதற்கான கடிதத்தை இணைத்து, கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்குமாறு கிளை மேலாளருக்கு எழுதி, நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். வங்கி ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் வாய்ப்பேச்சுக்கு இல்லாத பலம் அந்தக் காகிதத்துக்கு உண்டு. பாதியில் முடிப்பதைப் பொறுத்தவரை, கடனைவிட வீட்டின் மதிப்பு கூடுதலாக இருக்கும்போது எந்த வங்கி அசலை விட்டுக்கொடுக்கும்?

ஒருவேளை கணக்கு வாராக் கடனானாலும், மறுநாளே யாரும் வீட்டைப் பூட்ட முடியாது. நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தைக் கையகப்படுத்த வங்கிக்கு வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தில் 13(2) பிரிவின்படி வங்கி முதலில் அறிவிப்பு அனுப்பி, 60 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், 15 நாளுக்குள் பதில் சொல்லும் கடமை வங்கிக்கு உண்டு. அதன் பிறகும் வீட்டைக் கையகப்படுத்தினால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது நம்மிடையே உள்ள விபரீத வழக்கம். அதனால் வீணாவது உங்கள் அவகாசம்தான்.

கேள்வி: கடனை முழுவதும் அடைத்து இரண்டு மாதமாகியும் கிளையில் பத்திரத்தைத் தரவில்லை. 15,000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார்.
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தரகருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்த நெறி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். பத்திரம் கைக்கு வந்ததும், வங்கி அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் பதிவு செய்து, புதிய வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.