கொழும்பில் பிள்ளைகளைக் கூட்டிப்போக மரம், தண்ணீர், பறவை என்று ஏதாவது இருக்கிறதா? காலிமுகத்திடலும் கடைத்தொகுதிகளும் அலுத்துவிட்டன.

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் தெரியாது, முதுகைத் திருப்பி கிழக்கே போக வேண்டும்.

நீங்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு தொடர்மாடியில் இருக்கிறீர்கள், ஞாயிறு காலை ஆனால் "எங்கேயாவது போவோம்" என்று நச்சரிக்கிற வயதில் பிள்ளை இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். சொந்த வாகனமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். எங்களிடமும் இல்லை.

இந்தக் கேள்விக்கு நான் இவ்வளவு வரிந்துகட்டிக்கொண்டு வரக் காரணம் என் கணவர் வீட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் சரி, கனடாவிலிருந்து வந்தாலும் சரி, பையை இறக்கி வைத்ததும் முதல் வார்த்தை, "கொழும்பில என்ன கிடக்கு? சீமெந்தும் புகையும்தான்." அவர்கள் பார்த்த கொழும்பு காலி வீதி மட்டும். விமான நிலையத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் சேலை எடுத்து, கோயிலுக்குப் போய், ஒரு பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை தின்றுவிட்டுப் போனால் வேறென்ன தெரியும்?

போன வருடம் ரொறன்ரோவிலிருந்து மச்சாள் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். மாமாவும் முள்ளியவளையிலிருந்து வந்து எங்களோடு நின்றார். வயல் செய்த மனுஷன். எட்டாம் மாடி பல்கனியில் உட்காரவைத்தால் அவருக்கு மூச்சு முட்டும். சரி என்று எல்லாரையும் விடிய எழுப்பி, பிக்மீ செயலியில் வண்டி பிடித்து, கோட்டேயில் இருக்கிற பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் கொண்டுபோனேன்.

வாசலில் டிக்கெட் எடுக்கும்போதே மாமா தொடங்கிவிட்டார். "சேத்தையும் பாசியையும் பாக்கிறதுக்குக் காசோ பிள்ளை?" நான் பதில் சொல்லவில்லை. உள்ளே சதுப்புக்கு மேலால் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கோரைப்புல், கீழே கறுத்த தண்ணீர். கொஞ்சத் தூரம் போனதும் மச்சாளின் சின்னவன் "முதலை!" என்று கத்திக்கொண்டு என் சேலையைப் பிடித்துவிட்டான். பாதை ஓரத்தில் ஒரு கபரகொய்யா, தண்ணீர் உடும்புதான், ஆள் நீளம் இருக்கும், நாக்கை வெளியே விட்டு விட்டு இழுத்துக்கொண்டு வெயில் காய்ந்தது. எங்களைக் கண்டும் அசையவில்லை. கொழும்புக்காரருக்கு இது வாய்க்காலில் தினம் பார்க்கிற சாமான்தான். ரொறன்ரோப் பிள்ளைக்கு அப்படியா?

மாமாவின் வாயை அடைத்தது கபரகொய்யா இல்லை. கோரைக்குள் நின்ற ஒரு நீலத் தாழைக்கோழி. உடம்பு முழுக்க நீலம், சொண்டும் நெற்றியும் சிவப்பு, விரல்கள் அவ்வளவு நீளம். ஒரு தண்டை அடியோடு பிடுங்கி, ஒற்றைக் காலால் அதைப் பிடித்து உயர்த்தி, சொண்டால் பட்டை உரித்து உள்ளே இருந்த வெள்ளைக் குருத்தைத் தின்றது. நாங்கள் கரும்பு தின்கிற மாதிரியே. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இவன் கள்ளன். நெல்லை மடக்கிப்போட்டுத் தின்னுவான். எத்தனை நாள் தகரம் தட்டித் துரத்தினனான்" என்றார். பிறகு டிக்கெட் பேச்சே வரவில்லை. எது சிறகி, எது நீர்க்காகம், எந்தக் கொக்கு கூடு கட்டுகிற காலத்தில் நிறம் மாறும் என்று அவர்தான் முன்னால் நடந்து சொல்லிக்கொண்டு போனார். மச்சாள் வீடியோ எடுத்தாள். ரொறன்ரோ திரும்பிய பிறகு அவள் சிநேகிதிகளிடம் கொழும்பைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள், "சரியான வெக்கை" என்றுதான் சொல்லியிருப்பாள்.

இது நகரத்தின் நடுவில் தப்பிப் பிழைத்த ஏதோ ஒரு துண்டு நிலம் இல்லை. கொழும்பே பள்ளத்தில் இருக்கிற ஊர். மழைத் தண்ணீர் முதலில் இந்தச் சதுப்புகளுக்குள் இறங்கி நின்று, அப்புறம்தான் மெல்ல வடியும். நிரப்பிக் கட்டிக்கொண்டே போனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? 2010 நவம்பர் மழையில் தியவன்னா ஓயா பெருகிப் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் வந்தது. அதற்குப் பிந்திய வருடங்களில்தான் சதுப்புகளைச் சுற்றி நடைபாதையும் பூங்காவும் கூடின. 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் வழங்கும் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகத்தில் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. "கொங்கிறீட் காடு" என்று சொல்பவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. மீன்பிடிப் பூனை கூட இந்தச் சதுப்புகளில் இருக்கிறது. இரவில் நடமாடும் பிராணி என்பதால் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தலவத்துகொடையில் தியசரு பூங்கா இருக்கிறது. அதுவும் பெத்தகான மாதிரித்தான், இன்னும் விசாலம். பத்தரமுல்லைக்கு அப்பால் தலங்கம குளம். எனக்குப் பிடித்தது அதுதான். பூங்கா என்று வேலி போட்டு வைத்ததில்லை, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்கிற உண்மையான குளம். அணைக்கட்டில் நடக்கலாம். தாமரை இலைக்கு மேல் இலைக்கோழி நடக்கும், சுற்றியுள்ள மரங்களில் இலங்கையில் மட்டுமே வாழும் ஊதாமுக மந்தி இருக்கும்.

விகாரமகாதேவி பூங்காவை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரிய மரங்கள், ஊஞ்சல், சறுக்கு எல்லாம் உண்டு, பஸ்ஸில் போய்விடலாம், மூன்று வயதுப் பிள்ளைக்கு அதுவே போதும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்தவர்களுக்குக் காக்கைதீவுக் கடற்கரை கிட்ட. பேரை ஏரியில் கூழைக்கடா பார்க்கலாம், ஆனால் சில நாட்களில் நாற்றம் தாங்காது.

ஒரு முழு நாள் கிடைத்தால் இரண்டு இடம். முத்துராஜவெல: களனி ஆற்றுக்கு வடக்கே நீர்கொழும்புக் களப்பு வரை நீளும் சதுப்பு. பிரித்தானியர் வெட்டிய ஹமில்டன் கால்வாய் வழியாக வள்ளத்தில் போகலாம். காலையில் போனால்தான் பறவை, பத்து மணிக்குப் பிறகு வெயில்தான் மிச்சம். மற்றது கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரவியல் பூங்கா. கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினால் போதும், பிள்ளைகளுக்கு ரயிலே பாதிச் சந்தோஷம். 1876இல் இலங்கையில் முதன்முதலாக இறப்பர் நட்ட இடம் அது. "இவை கொழும்பே இல்லை, கம்பஹா மாவட்டம்" என்று வரிந்துகட்ட வேண்டாம், கேட்டவர் மாவட்ட எல்லை கேட்கவில்லை. "சிங்கராஜா மழைக்காட்டைப் பார்த்தவனுக்கு இதெல்லாம் காடா" என்றும் யாராவது சொல்வார்கள். சிங்கராஜாவுக்கு லீவு எடுக்க வேண்டும் அண்ணை, இதற்குக் காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் போதும். நுளம்பு கடிக்கும்தான். நீளக் கைச்சட்டை போட்டு, மருந்து பூசிக் கூட்டிப்போங்கள். எங்கள் தொடர்மாடியின் பூச்சாடித் தண்ணீரில் இருக்கிற நுளம்பை விட அது மோசம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொடர்மாடி என்றதும் வயிறு எரிகிறது. காலிமுகத்திடலில் ஹென்றி வார்ட் என்ற ஆளுநர் 1859இல் நடைபாதையைக் கட்டி முடித்தபோது வைத்த கல் ஒன்று இருக்கிறது. கொழும்பின் மகளிருக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேண வேண்டும் என்று தனக்குப் பின் வருபவர்களுக்கு எழுதி வைத்தார். வெள்ளைக்காரத் துரைக்கு இருந்த அந்த எண்ணம் எங்கள் கட்டடத்து நிர்வாகக் குழுவுக்கு இல்லை. கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் பந்து விளையாடக் கூடாது, மொட்டை மாடிக்குப் பிள்ளைகள் தனியே ஏறக் கூடாது, படிக்கட்டில் சத்தம் போடக் கூடாது என்று மின்தூக்கிக்குள் நோட்டீஸ். வாசலில் நின்ற ஒரே வேப்பமரத்தையும் இலை கொட்டி வாகனங்களில் விழுகிறது என்று வெட்டினார்கள். கூட்டத்தில் நான் கேட்டதற்கு, "அப்படியென்றால் பார்க்குக்குக் கூட்டிப்போங்கோவன்" என்றார் ஒருவர். மாதப் பராமரிப்புக் காசு மட்டும் பிள்ளை உள்ள வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் ஒன்றுதான். சரி, இது வேறு கதை.

ஒரு காலைதான் கிடைக்கும் என்றால் தலங்கமவுக்குப் போங்கள், டிக்கெட்டும் இல்லை. ஆறரைக்குள் போய்ச் சேரப் பாருங்கள். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் உறையைத் திருப்பி எடுத்து வாருங்கள். வண்டியை அணைக்கட்டுப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தச் சொல்லாதீர்கள், அந்த வழியால்தான் வயல்காரர்கள் போய் வருகிறார்கள்.