எஃப்-க்குத் திரும்பாத பாட்டு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் நெருங்கிய நண்பன் ஓயாமல் என்னை மட்டம்தட்டுகிறான். விலக முடிவெடுத்துவிட்டேன். கல்லூரி விழாவில் அவன் முன்னால் ஃப்ளீட்வுட் மேக் ராக் குழுவின் ‘கோ யுவர் ஓன் வே’ (உன் வழியைப் பார்த்துப் போ) பாடப் போகிறோம். ஒத்திகையில் பாட்டு சப்பென்று இருக்கிறது. நான் விலகுவது சரிதானா?

கி.

அன்புள்ள கி.,

மட்டம்தட்டுகிறவனை விட்டு விலக யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் மேடையேறி அவன் முகத்துக்கு நேரே பாடினால், இன்னும் அவனையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்றுதான் பொருள். சொல்ல வேண்டியதை முந்தின நாளே நேரில் சொல்லிவிடுங்கள்.

கொஞ்ச நாளாகவே இந்தப் பாட்டின் கார்டுகள்தான், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்தான், என் மனதில் ஓடுகின்றன. குழுவின் பாடகியும் தன் காதலியுமான ஸ்டீவி நிக்ஸைப் பிரிந்த சமயத்தில் கிடார் கலைஞர் லிண்ட்சே பக்கிங்ஹாம் எழுதி, 1976-இல் வெளிவந்த பாட்டு. தன்னைக் குத்தும் ஒரு வரி பொய் என்று நிக்ஸ் கொதித்தார். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் அதற்கு அவரே பின்குரல் பாடினார். அதே இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருப்பது பக்கிங்ஹாமை நினைத்து அவர் எழுதிய ‘சில்வர் ஸ்பிரிங்ஸ்’. எங்கே விலகினார்கள்?

சரணம் எஃப், சி, பி ஃப்ளாட், மறுபடி எஃப். பல்லவி டி மைனர், பி ஃப்ளாட், சி. அந்த சி வந்ததும் காது பாட்டின் வீடான எஃப்-ஐத் தேடும்; வருவதோ மீண்டும் டி மைனர். கடைசி கிடார் வாசிப்பும் இந்த மூன்றின் மேலேயே சுற்றித் தேய்ந்து மறைகிறது. வீடு திரும்புவதே இல்லை.

உங்கள் குழுவில் யாரோ பல்லவி முடிவில் எஃப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். போட்ட கணமே கோபம் அடங்கிவிடும். டிரம்மரையும் கவனியுங்கள். சரணத்திலேயே ஸ்னேர் டிரம்மில் இரண்டாம், நான்காம் தட்டுகளில் நேராக அடித்தால் எல்லாம் போயிற்று. ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’ போல ஒரு தாளத்தைத்தான் பக்கிங்ஹாம் கேட்டார். குழுவின் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் தன் கைக்கு வந்த விதத்தில் டாம் டிரம்களில் உருட்டினார். சரணம் முழுக்க அந்தத் தடுமாற்றம் இருந்தால்தான் பல்லவியில் நேர்த்தாளம் வரும்போது கதவு திறக்கும். முதலில் நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் பழகி, பிறகு 135-க்கு வாருங்கள். 145-க்கு ஓடினால் உருட்டல் நசுங்கிவிடும்.

கிடாருக்கு ஐந்தாம் ஃப்ரெட்டில் (கட்டையில்) கேப்போ என்ற கவ்வியைப் போட்டு சி, ஜி, எஃப் பிடியுங்கள்; பல்லவிக்கு ஏ மைனர், எஃப், ஜி. பிக் வேண்டாம், பக்கிங்ஹாம் விரல்களால் வாசிப்பவர்.

இசைத்தட்டைப் போல மேடையில் தேய்ந்து மறைய வழியில்லை. கேப்போ போட்ட அந்த ஜி பிடியிலேயே, அதாவது சி ஒலிக்கும்போதே, எல்லோரும் ஒன்றாக வெட்டி நிறுத்துங்கள். கை அடுத்த கார்டுக்குத் துடிக்கும், போக விடாதீர்கள்.