தை மாதத்தில் அப்பாவை அழைக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். சித்திரையில் கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறீர்கள். பத்து வயதில் மகள், ஆறு வயதில் மகன். வரப்போவது உங்கள் முதல் குளிர்காலம். நத்தார் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்வரலாமா, இல்லையென்றால் தை மாதத்தில் பெற்றோரை இங்கே அழைக்கலாமா, கூடப் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்து மகள் ஸ்னோபோர்டிங் (ஒற்றைப் பலகையில் நின்று பனிமலையில் சறுக்குவது) போகவேண்டும் என்று அடம்பிடிக்கிறாளே, அது நமக்குச் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் நான்கு குளிர்காலங்களை வேலை, வீடு, தொலைக்காட்சி என்று கழித்தேன். கார்த்திகையில் திரைச்சீலையை மூடினால் சித்திரையில்தான் திறப்போம். பிள்ளைகள் சிறு வயதில் பனியில் விளையாடிய படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. அந்தக் கவலை இன்னும் எனக்கு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஊருக்குப் போவதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மார்கழியில் போகாதீர்கள். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா வழியாகவோ ஐரோப்பா வழியாகவோ இறங்கி ஏறவேண்டும். மார்கழி நடுப்பகுதி தொடங்கியதும் கட்டணம் ஏறிவிடும். இரண்டு வார விடுமுறையில் போகவர நான்கு நாள் கழிந்துவிடும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போக இன்னும் ஒரு நாள். நான்கு பேருக்கு அந்தக் காசைக் கொடுத்துவிட்டு, உறவுக்காரர் வீடுகளில் ஓடி ஓடித் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவீர்கள். பிள்ளைகளுக்கு ஆடி, ஆவணியில் இரண்டு மாத விடுமுறை கிடைக்கும். அப்போதும் டிக்கெட் மலிவில்லை. ஆனால் ஆறு வாரம் ஆறுதலாக நிற்கலாம், நல்லூர்த் திருவிழாவையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். எப்போது போனாலும் நிரந்தர வதிவிட அட்டை கையில் வந்த பிறகே பயணத்தைப் பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் வெளியே போனால் திரும்பும்போது விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அங்கே தனியாக ஒரு பயண ஆவணத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டிவரும். புளோரிடாவுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், இலங்கைக் கடவுச்சீட்டில் அமெரிக்கா போக விசா வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

பெற்றோரை அழைப்பதில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யக்கூடாது. என் அப்பாவை நான் ஒரு தை மாதத்தில் வரவழைத்தேன். தைப்பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகளோடு இருக்கட்டும் என்ற ஆசை. காலையில் முப்பது பாகை வெயிலில் சுன்னாகத்துத் தோட்டத்தைவிட்டுப் புறப்பட்ட மனிதர், மறுநாள் கழித்து மறை (மைனஸ்) இருபத்திரண்டு பாகையில் வந்து இறங்கினார். மூன்றாம் நாள் மூக்கில் இரத்தம் வந்தது. வீட்டுச் சூடாக்கி காற்றை அப்படிக் காயவைத்துவிடும். ஈரப்பதம் தரும் கருவி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கலாம், எனக்கு அது தெரியவில்லை. நாங்கள் இருவரும் வேலைக்கு, பிள்ளைகள் பாடசாலைக்கு. அவர் யன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு, தெருவில் பஸ் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். படலையைத் திறந்து வெளியே போனால் நாலு பேரோடு பேசிவிட்டு வரும் மனிதர் அவர். ஆறு வாரம்தான் நின்றார்.

அந்த ஆறு வாரத்துக்குள் ஒரு இரவு நெஞ்சு இறுக்குகிறது என்றார். மருத்துவமனையில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பார்வையாளர்களுக்கு மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி கிடையாது. நாங்கள் வாங்கியிருந்த தனியார் காப்புறுதி பணம் தர மறுத்துவிட்டது. புறப்படுவதற்கு முன் ஊரில் அவருடைய இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவர் கூட்டியிருந்தார். அளவு மாறினால் அந்த நோய் 'நிலையாக இல்லை' என்று அர்த்தமாம். ஒப்பந்தத்தின் உள்ளே சிறிய எழுத்தில் அது இருந்தது. அந்தக் கடனை ஒன்றரை ஆண்டு கட்டினோம். காப்புறுதி வாங்கும்போது பெற்றோரின் மாத்திரைகள் எல்லாவற்றையும், கடைசியாக அளவு மாறிய திகதியோடு சொல்லுங்கள். அதை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2022 ஜூலையிலிருந்து அந்த விசாவில் வருபவர்கள் ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். ஆனால் உங்களுடைய வருமானம் குடும்ப அளவுக்கேற்ற எல்லையைத் தாண்டியிருக்கவேண்டும். குறைந்தது 1,00,000 டொலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்புறுதியும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். வந்த முதலாம் ஆண்டில் வருமானத்தைக் காட்டுவது பலருக்குக் கடினம். சாதாரணப் பார்வையாளர் விசாவில் வழக்கமாக ஆறு மாதம் நிற்கலாம், உங்களுக்கு இப்போதைக்கு அது போதும். அடுத்த ஆண்டு புரட்டாதியில் அழையுங்கள். இலை நிறம் மாறுவதைப் பார்ப்பார்கள், ஐப்பசியில் ஒரு மேலங்கி, கார்த்திகையில் இன்னொன்று என்று உடம்பு மெல்ல மெல்லப் பழகும். முதல் பனி விழும்போது அவர்களுக்கு வீட்டைச் சுற்றி வழி தெரிந்திருக்கும். சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டை ஒன்றை இருவருக்கும் வாங்கிவிடுங்கள். வயதானவர்களை இந்த நாட்டில் வீழ்த்துவது குளிரைவிட, நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டிதான்.

இனி மகளின் ஆசை. தாராளமாக விடுங்கள். 'அது வெள்ளைக்காரர் விளையாட்டு' என்று நம்மவர் சொல்வது எனக்குப் பிடிக்காத பேச்சு. பிள்ளை இங்கேதான் வளரப்போகிறாள், இந்த ஊரின் குளிர்காலம் அவளுடையதும்தான்.

ஆனால் முதல் நாளே பெரிய மலைக்குப் போகவேண்டாம். பாதர்ஸ்ட் தெருவும் ஷெப்பர்டும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஏர்ல் பேல்ஸ் பூங்கா இருக்கிறது. ரொறன்ரோ மாநகராட்சி நடத்தும் சிறிய சறுக்கு மேடு அங்கே உண்டு. பலகை, சப்பாத்து, ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், பயிற்சி வகுப்பும் உண்டு. வகுப்பு இடங்கள் விரைவாக நிரம்பிவிடும், இப்போதே பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள் என்றால் இன்னொரு வசதியும் இருக்கிறது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று 'ஸ்னோபாஸ்' என்ற அனுமதி உண்டு. சிறு கட்டணத்துக்கு, அதில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு மலையிலும், மேலே ஏற்றிச்செல்லும் லிஃப்டுக்கு மூன்று தடவை டிக்கெட் கிடைக்கும். எங்கள் மகள் அந்த வயதில் இருந்தபோது எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: முதல் இரண்டு நாள் விழுவதுதான் பாடம். காலுக்கு ஒன்றாக மாட்டும் சறுக்குக் கட்டையில் (ஸ்கீ) முதல் நாளே கொஞ்சம் போகலாம். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டப்பட்டிருக்கும். விளிம்பு எங்கே என்று பாதம் அறியும் வரை முதுகெலும்பின் அடி வலிக்க வலிக்க விழவேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டால் வேகமாக வந்துவிடும். எந்தக் கால் முன்னே நிற்கவேண்டும் என்று தெரியாவிட்டால், பின்னாலிருந்து மெல்லத் தள்ளிப்பாருங்கள், முதலில் முன்னே வைக்கும் கால்தான் அது. புதியவர்களுக்கு அதிகம் நேரும் காயம் மணிக்கட்டு முறிவு. விழும்போது உள்ளங்கையை ஊன்றாமல், விரல்களை மடக்கிக்கொண்டு முன்கையில் விழப் பழக்குவார்கள். அதற்காகவே வகுப்பு வேண்டும் என்கிறேன், நீங்களே சொல்லிக்கொடுக்க முயலவேண்டாம். ஆறு வயது மகனுக்கு இப்போது சறுக்குக் கட்டை போதும். இல்லையென்றால் பரி நகருக்குப் பக்கத்தில் 'ஸ்நோ வேலி' என்ற சறுக்குமிடத்தில் காற்றடித்த வளையத்தில் உட்கார்ந்து சறுக்கலாம். அதில் உங்கள் மனைவியும் ஏறலாம்.

உடுப்பில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரவைக்கும். விரல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும் கையுறைதான் சூடு தரும், ஒரு சோடி மேலதிகமாகக் கொண்டுபோங்கள்.

மகளுக்குக் கொஞ்சம் பழகியதும் கொலிங்வூட்டுக்குப் பக்கத்தில் புளூ மவுண்டன் என்ற சறுக்கு மலைக்குப் போகலாம். நயாகரா மலைச்சரிவின் மேல் இருக்கிறது, சுமார் இரண்டு மணி நேர ஓட்டம். ஆனால் 400ஆம் நெடுஞ்சாலையை மதியுங்கள். ஜோர்ஜியன் விரிகுடா நீருக்கு மேலே குளிர்காற்று வீசும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து பரி பக்கத்தில் பனியாகக் கொட்டும். ரொறன்ரோவில் வெயில் எறிக்கும்போதே அங்கே முன்னால் போகும் வாகனம் தெரியாது. புறப்படும் முன் வீதி நிலையைச் சொல்லும் 511 தகவல் சேவையைப் பாருங்கள். குளிர்கால டயர் இல்லாமல் போகவே போகாதீர்கள். ஏழு பாகைக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். ஒன்ராறியோவில் அந்த டயர் போட்டிருந்தால் வாகனக் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடியும் உண்டு. பெப்ரவரியில் வரும் 'குடும்ப நாள்' பொது விடுமுறை வார இறுதியில் லிஃப்ட் வரிசை நீண்டு கிடக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். அந்த மூன்று நாளுக்கு ஒட்டாவா நல்லது. உறைந்த ரிடோ கால்வாயில் 7.8 கிலோமீட்டர் சறுக்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் குளிர் போதாத ஆண்டும் உண்டு, 2023இல் அது திறக்கவே இல்லை. பார்த்துவிட்டு அறையைப் பதிவு செய்யுங்கள்.

அப்பா இரண்டாம் தடவை வந்தது எட்டு ஆண்டுக்கு முன், ஒரு புரட்டாதியில். மார்கழி நடுவில் ஒரு பின்னேரம் அவரையும் கொலிங்வூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பிளாஸ்கில் தேநீர், டப்பாவில் றோல்ஸ், இரண்டு மேலங்கி, குரங்குத் தொப்பி. மலையடிவாரக் கட்டடத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மகளோடு நான் போய்விட்டேன். திரும்பி வந்தால் அவர் அங்கே இல்லை. பதறிப்போய்த் தேடினால், வெளியே வேலியோரம் நின்று, விளக்கு வெளிச்சத்தில் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேலே பெரிய விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. தண்ணீரை மிகச் சிறு துளிகளாக்கிக் காற்றோடு வீசுவார்கள், நிலத்தில் விழுமுன் அது உறைந்து பனியாகிவிடும். இயற்கைப் பனியை மட்டும் நம்பினால் மலையை மார்கழியில் திறக்க முடியாது. குளிரும் காய்ந்த காற்றும் கூடும் இரவுதான் அதற்கு நல்ல நேரம்.

நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இறைப்புத்தானே? குழாய் எங்கே போகிறது?" என்று கேட்டார். காட்டினேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை பம்பு, இரவு முழுக்க யார் நின்று பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாற்பது ஆண்டு வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இரவில் எழுந்து முறைக்குத் தண்ணீர் விட்டவர் அவர். மறை எட்டில் அரை மணி நேரம் நின்றோம், உள்ளே வர மறுத்துவிட்டார். மகள் பலகையோடு கீழே வந்து, அவருக்கு முன்னால் விளிம்பைப் போட்டு நிறுத்தினாள். பனித்தூள் அவருடைய சப்பாத்தில் விழுந்தது. குனிந்து அதை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார், மண்ணைப் பார்ப்பது போல.

இப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது, இனிப் பயணம் செய்ய முடியாது. ஒவ்வொரு கார்த்திகைக் கடைசியிலும் தொலைபேசியில் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்கே இறைப்புத் தொடங்கிவிட்டார்களா?"