விதி யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறை. கேட்பவர் எந்த மதம், எந்தப் பிரிவு என்ற விவரமே இல்லை. ஒழுக்க விதிகள் இல்லறத்தாருக்கு ஒரு விதமாகவும் துறவிக்கு வேறு விதமாகவும் இருக்கும். இஸ்லாமியச் சட்ட மரபுகளான மத்ஹப்களிலும் ஷாஃபி மத்ஹபில் ஒரு தீர்ப்பு, ஹனஃபியில் இன்னொன்று. அடுத்த முறை இதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

உப்பளம், புதுச்சேரி: நாங்கள் கத்தோலிக்கர். மருமகள் கடலூர் சி.எஸ்.ஐ. குடும்பம். ‘கொலை செய்யாதே’ ஐந்தாம் கட்டளை என்று பேரனுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் ஆறாவது என்கிறாள். எது சரி?

இரண்டும் சரி. பைபிளில் யாத்திராகமம் 20, உபாகமம் 5 ஆகிய இரண்டு இடங்களிலும் பத்துக் கட்டளைகள் வருகின்றன. மூலத்தில் எண் போடவில்லை, பின்னால் வந்தவர்கள் பிரித்துக்கொண்டார்கள். கத்தோலிக்கர் ‘வேறு தெய்வம் வேண்டாம்’, ‘உருவம் செய்யாதே’ இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். கடைசியில் பிறன் மனைவியை விரும்புவதையும் பிறன் பொருளை விரும்புவதையும் தனித்தனியாக்கிப் பத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சி.எஸ்.ஐ. உள்ளிட்ட பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகள் முன்னதைப் பிரித்துப் பின்னதைச் சேர்க்கின்றன. அதனால் நடுவில் உள்ளவை எல்லாம் ஓர் எண் தள்ளிப்போகும். லுத்தரன் சபை மட்டும் கத்தோலிக்கர் கணக்கையே பின்பற்றுகிறது. யூதர்களோ ‘எகிப்திலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்த ஆண்டவர் நானே’ என்பதையே முதலாவதாக வைக்கிறார்கள். பேரன் மறைக்கல்வித் தேர்வை எந்தக் கோவிலில் எழுதுகிறானோ அந்த எண்ணைச் சொல்லிக்கொடுங்கள்.

பரங்கிப்பேட்டை: மனைவியிடம் 40 சவரன் நகை இருக்கிறது. ஜகாத் (ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாய தானம்) எவ்வளவு?

எந்த மத்ஹப் என்று எழுதவில்லை. இந்தக் கேள்விக்கு விடையே அதில்தான் இருக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் மிகுதி, உள்நாட்டில் ஹனஃபிகள் மிகுதி. ஹனஃபி என்றால், அணிந்தாலும் பெட்டியில் வைத்தாலும் தங்கம் தங்கம்தான். 40 சவரன் 320 கிராம். அதில் 2.5 சதவீதம் 8 கிராம், அதாவது ஒரு சவரன். ஷாஃபி என்றால், வழக்கமான அளவில் அணிவதற்கென்று வைத்திருக்கும் நகைக்கு ஜகாத் இல்லை என்பதே அந்த மத்ஹபின் வலுவான கருத்து. சேமிப்பாக வாங்கிப் பூட்டி வைத்தது, தங்கக் காசு, தங்க பிஸ்கட் ஆகியவற்றுக்கு உண்டு.

நிஸாப், அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு, சுமார் 11 சவரன். அதற்குக் குறைந்தால் தங்கத்தின் பேரில் மட்டும் கடமை வராது. ஆண்டு என்பது பிறை ஆண்டு, 354 நாள். ஆங்கில ஆண்டை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் ஜகாத்தைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். கல் பதித்த நகையில் கல்லின் எடையைக் கழித்துவிடுங்கள். செய்கூலியைச் சேர்க்க வேண்டாம். இன்னொன்று: நகை மனைவியுடையது என்றால் கடமையும் அவருடையதுதான். அவர் சம்மதத்தோடு நீங்கள் கொடுக்கலாம். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்து ஜகாத் கணக்கில் எழுதக் கூடாது. பெறத் தகுந்த எட்டு வகையினர் யார் என்று குர்ஆன் 9:60 சொல்கிறது.

திருப்பாதிரிப்புலியூர்: சமணர் உருளைக்கிழங்கு சாப்பிடுவதில்லை, தக்காளி சாப்பிடுகிறார்கள். ஏன்?

கிழங்கு ஒன்றில் எண்ணற்ற உயிர்கள் ஓருடலாக வாழ்கின்றன என்பது அவர்கள் கொள்கை. பிடுங்கினால் செடியும் போய்விடும். தக்காளியைப் பறித்தால் செடி நிற்கும்.

தேவனாம்பட்டினம்: நாங்கள் தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்கள். கோவில் சொற்பொழிவில் ஒருவர் மீன் பிடிப்பதே பாவம் என்றார். பிள்ளைகள் மனம் வாடிவிட்டார்கள்.

விதி யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்க்காமல் மேடையில் பேசினால் இப்படித்தான் ஆகும். பதஞ்சலியின் யோக சூத்திரம் 2:30 அகிம்சையை முதல் யமமாக, அதாவது முதல் ஒழுக்கக் கட்டுப்பாடாகச் சொல்கிறது. அடுத்த சூத்திரம், இடம், காலம், பிறப்பு என்ற எந்த வரம்பும் இல்லாமல் கடைப்பிடித்தால் அது மகாவிரதம் என்கிறது. வரம்புள்ள அகிம்சைக்கு வியாசரின் உரை காட்டும் முதல் எடுத்துக்காட்டே மீனவர்தான். அவர் மீனைக் கொல்வார், வேறெதையும் கொல்லமாட்டார். அதுவும் அகிம்சை என்றே எண்ணப்படுகிறது, முழுமை பெறாத அகிம்சை. வரம்பில்லாத மகாவிரதம் யோகிக்கு உரியது.

சைவத்தில் இன்னும் நேராகவே விடை இருக்கிறது. அறுபத்து மூவரில் ஒருவரான அதிபத்த நாயனார் நாகப்பட்டினத்துப் பரதவர். வலையில் அகப்படும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். ஒரே மீன் கிடைத்த நாளிலும் அதை விட்டார். அவருடைய தொழிலைக் குறை சொல்லி யாரும் அவரை நாயனார் வரிசையிலிருந்து நீக்கவில்லை. இயேசுவின் முதல் சீடர்கள் மீனவர்கள் (மத்தேயு 4:18). குர்ஆன் 5:96 கடல் வேட்டையை ஆகுமாக்குகிறது. யூதச் சட்டம் செதிலும் துடுப்பும் உள்ளதை மட்டும் அனுமதிக்கிறது. இறால், நண்டு, கணவாய் அவர்களுக்கு ஆகாது. தடை என்று உறுதியாக நிற்பது சமணம். அவர்கள் இல்லறத்தாருக்கே வேண்டுமென்று உயிர் கொல்லும் தொழிலை விலக்குகிறார்கள். உங்கள் பிள்ளைகள் சமணர் அல்லர். அதிபத்தரின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை: பள்ளியில் பேச்சுப் போட்டி. ‘எல்லா மதங்களும் ஒன்றையே போதிக்கின்றன’ என்ற தலைப்பு. பத்து மேற்கோள் உடனே அனுப்பவும்.

அனுப்பமாட்டேன். இந்தத் தலைப்பில் மாணவர்களைப் பேசவைப்பது அவர்களுக்குச் செய்யும் தீங்கு என்றே நினைக்கிறேன். வழக்கமாக நடப்பது இதுதான்: ‘பிறர் உனக்கு எதைச் செய்யக் கூடாது என்று நினைக்கிறாயோ அதை நீயும் செய்யாதே’ என்ற ஒரு வரியை எடுத்துப் பத்து மதச் சின்னங்களுக்குக் கீழே எழுதிவிடுகிறார்கள். அத்தியாயம் இல்லை, வசன எண் இல்லை. பாதி மேற்கோள்களை அந்த நூலில் தேடினால் கிடைக்காது.

கிடைப்பவற்றை வைத்துப் பாருங்கள். சீன ஞானி கன்பூசியஸ் (அவர் மொழிகளின் தொகுப்பான லுன் யூ, 15-ஆம் பகுதி) ‘செய்யாதே’ என்கிறார். ஹில்லேல் என்ற யூத ஆசான் (யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத், சப்பாத் 31அ) அதையே சொல்லி, ‘மற்றவை விளக்கம், போய்க் கற்றுக்கொள்’ என்று முடிக்கிறார். கற்றுக்கொள் என்ற பகுதியைச் சுவரொட்டிகள் விட்டுவிடுகின்றன. மத்தேயு 7:12 ‘செய்யுங்கள்’ என்கிறது. இது பெரிய வேறுபாடு. தெருவில் மயங்கிக் கிடப்பவரைத் தாண்டிப் போகிறவர் ‘செய்யாதே’ விதியை மீறவில்லை, ‘செய்’ விதியை மீறிவிட்டார். நபிமொழியில் (நவவீ தொகுத்த ‘நாற்பது’ நூலில் 13) தனக்கு விரும்புவதைத் ‘தன் சகோதரனுக்கு’ விரும்ப வேண்டும் என்று வருகிறது. அந்தச் சகோதரன் யார் என்பதில் உரையாசிரியர்களிடையே இருவித விளக்கம் உண்டு. லேவியராகமம் 19:18 ‘பிறன்’ மேல் அன்புகூரச் சொல்கிறது. அதே அதிகாரம் 34-ஆம் வசனத்தில் அந்நியனையும் சேர்த்துக்கொள்கிறது. குறள் 318 ‘மன்னுயிர்க்கு’ என்று எல்லா உயிருக்கும் விரிக்கிறது. அங்கே ஆடும் கோழியும் உள்ளே வந்துவிடுகின்றன. மற்ற நூல்களின் இந்த வசனங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை.

எங்கிருந்து கட்டளை வருகிறது என்பதிலும் ஒற்றுமை கிடையாது. யூதம், இஸ்லாம் இரண்டிலும் இறைவன் ஆணையிடுகிறான். பௌத்தத்தில் ஆணையிடுபவர் யாருமில்லை. இல்லறத்தார் ஐந்து சீலங்களை (ஒழுக்க நெறிகளை) தாமே பயிற்சியாக ஏற்கிறார். தேரவாதம் என்ற பௌத்தப் பிரிவின் பிக்குவுக்கு (துறவிக்கு) 227 விதிகள். யூதருக்கு மரபுக் கணக்கில் 613 கட்டளைகள். மற்ற மனிதருக்கு நோவாவின் ஏழு கட்டளைகள் போதும் என்று அவர்களே சொல்கிறார்கள். இவ்வளவையும் ‘ஒன்றே’ என்று சொல்வது அந்த மதத்தவர் எவருக்கும் மரியாதை ஆகாது. வேறுபடுகிறவர்கள் ஒரே தெருவில் சேர்ந்து வாழ்வதுதான் நம் ஊரின் பெருமை. அதைச் சொல்ல எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டியதில்லை.

பேச்சுப் போட்டிக்கு வழி சொல்கிறேன். ஒரே ஒரு நிலைமையை எடுத்துக்கொள்ளுங்கள்: பசியோடு வாசலில் நிற்கும் அந்நியர். மூன்று நூல் போதும். ஒவ்வொன்றிலும் வசனத்துக்கு முன்னால் பத்து வரி, பின்னால் பத்து வரி படியுங்கள். யார் யாருக்குச் சொன்னது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று ஐந்து நிமிடம் பேசலாம். வசன எண் இல்லாமல் எதையும் மேடையில் சொல்லாதீர்கள்.

பண்ருட்டி: ஐந்து வட்டிக்குக் கொடுக்கிறேன். இஸ்லாத்தில் வட்டி தடை, பைபிளில் தடை, இந்து சாஸ்திரத்தில் தடை இல்லை என்கிறார்கள். நான் இந்து. சரிதானே?

மாதம் நூற்றுக்கு ஐந்து என்றால் ஆண்டுக்கு 60 சதவீதம். முதலில் அதை முழுசாக எழுதிப் பாருங்கள். சாஸ்திரம் வட்டியைத் தடுக்கவில்லை, கட்டுப்படுத்துகிறது. மனுஸ்மிருதி 8:140 மாதத்துக்கு எண்பதில் ஒரு பங்கு என்கிறது. ஆண்டுக்கு 15 சதவீதம். 8:151-இன்படி, பணக் கடனில் மொத்தமாக வாங்கும்போது அசலைப் போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. 8:142-இல் வருணத்துக்கு ஏற்ப மாதம் நூற்றுக்கு 2, 3, 4, 5 என்று வருகிறது. ஐந்து என்பது சூத்திரரிடம் வாங்குவதற்கு. உங்களுக்குச் சாதகமான ஒரே வரி அதுதான். ஏழையிடம் அதிகம் வாங்கச் சொல்லும் அந்த அநீதியைச் சான்றாகக் காட்டுவீர்களா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பைபிளும் முழுத் தடை இல்லை. உபாகமம் 23:20 அந்நியனிடம் வட்டி வாங்க அனுமதிக்கிறது. குர்ஆன் 2:275 தடுக்கிறது. 2:280 கடனாளி சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடு, விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்கிறது. சாஸ்திரம் எதுவாக இருந்தாலும் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும்.

வில்லியனூர்: மதுக்கடையில் கணக்கெழுதுகிறேன். பாவமா?

எந்த மதம் என்று மறுபடியும் இல்லை. பௌத்தர் என்றால், இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகத்தில் மதுவும் ஒன்று (அங்குத்தர நிகாயம் 5:177). மற்றவை ஆயுதம், மனிதர், இறைச்சி, நஞ்சு. முஸ்லிம் என்றால், பிழிபவர் முதல் சுமப்பவர், விற்பவர், விலையை உண்பவர் வரை பத்துப் பேரை நபிமொழி எண்ணுகிறது. கணக்கரையும் அந்த வரிசையில் வைப்பவர்களே ஆலிம்களில் (மார்க்க அறிஞர்களில்) அதிகம். கத்தோலிக்கர் என்றால், தொழில் தன்னளவில் பாவமில்லை. போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றுவது பாவம். குறளின் 93-ஆம் அதிகாரம் குடிப்பவரைப் பற்றியது.

மஞ்சக்குப்பம்: அம்மாவுக்குப் புற்றுநோய். அவரிடம் மறைக்கலாமா? ‘பொய்மையும் வாய்மை யிடத்த’ என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே?

292-ஐ மட்டும் படிக்காதீர்கள். ‘புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்’ என்று அதிலேயே நிபந்தனை இருக்கிறது. குற்றமற்ற நன்மை வந்தால் மட்டும். அடுத்த குறள் 293, நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே சுடும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மகாபாரதம் கர்ண பர்வத்தில் கௌசிகர் என்ற தவசி உண்மை பேசி, ஒளிந்திருந்தவர்களைக் கள்வருக்குக் காட்டிக்கொடுத்து நரகம் போகிறார். உயிரைக் காக்கும் பொய்க்கு அங்கே இடமுண்டு. சமணமும் உயிருக்குத் தீங்கு தரும் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்கிறது. மறுபக்கம் கிறிஸ்தவப் புனிதர் அகுஸ்தீனார் எந்தப் பொய்யையும் ஏற்கவில்லை.

ஆனால் இவை எல்லாமே பிறர் கையிலிருந்து ஓர் உயிரைக் காப்பதைப் பேசுகின்றன. நோய் அம்மாவுடையது. கேட்காதபோது சொல்லாமல் இருப்பது ஒன்று. அவர் கண்ணைப் பார்த்துக் கேட்கும்போது ‘ஒன்றுமில்லை’ என்பது வேறு. முன்னதற்கு எல்லா மரபிலும் இடமிருக்கிறது. பின்னதைச் செய்தால் சிகிச்சைக்கு அவருடைய சம்மதமும் பொய்யாகிவிடும், சொத்து, வேண்டுதல், பார்க்க நினைப்பவர்கள் என்று அவர் முடிக்க விரும்புவதும் நின்றுபோகும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே மெல்லக் கேளுங்கள். மருத்துவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிஞ்சிப்பாடி: அசைவம் சாப்பிடுகிறவன் நான். வடலூர் போகலாமா?

வள்ளலார் அங்கே நிறுவிய தருமச்சாலையில் சாப்பிடலாம். 1867 முதல் பசித்தவர் யாராக இருந்தாலும் அங்கே சோறு உண்டு. வழிபாட்டு இடமான ஞானசபைக்குள் நுழைவது கொலை, புலை (இறைச்சி உண்பது) தவிர்த்தவர்களுக்கு மட்டும் என்று வள்ளலாரே வகுத்திருக்கிறார். பசி தீர்ப்பதில் அவர் யாரையும் பிரிக்கவில்லை, சபைக்குள் பிரித்தார். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாசலில் நிற்பவர்களிடம் வாதாட வேண்டாம்.

கடலூர் முதுநகர்: எனக்கு 62 வயது. சாம்பல் புதனன்று ஒருசந்தி கட்டாயமா?

இல்லை. ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு, கத்தோலிக்கருக்கு 18 வயது நிறைந்தது முதல் 59 நிறையும் வரை. சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்) 14-க்கு மேல் உயிருள்ளவரை உண்டு. எனவே அன்று இறைச்சி வேண்டாம், மூன்று வேளையும் சாப்பிடலாம். சர்க்கரை மாத்திரை எடுப்பவர் என்றால் நேரம் தவறாமல் சாப்பிடுங்கள்.