கோடையில் இப்படிக் கொட்டுகிறதே, பருவநிலை மாறிவிட்டதா?

கோடை மழை புதிதல்ல. வெயிலில் தரை சூடேறும்போது ஈரக்காற்று வேகமாக மேலெழும்பி, குளிர்ந்து, இடிமேகமாகத் திரண்டு மாலையில் கொட்டும். மாறிவருவது அதன் வேகம். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்தால் ஒரேயடியாகப் பெய்கிறது. அப்புறம், மேகத்தைத் தள்ளிக்கொண்டு போக உயரத்தில் வீசும் காற்றுக்கு வலுவில்லாவிட்டால் அது ஒரே இடத்தில் நின்று ஊற்றும். 2021 ஜூலையில் ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கை மூழ்கடித்தது அப்படி மிக மெதுவாக நகர்ந்த காற்றழுத்தத் தாழ்வுதான்.

சரி, ஒரு மழையை வைத்துப் பருவநிலை மாறிவிட்டது என்று சொல்லலாமா? கூடாது. வானிலையாளர்கள் 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுவார்கள். உங்கள் பகுதியின் பழைய மழைப்பதிவை எடுத்துப் பாருங்கள். மொத்த மழை அப்படியே இருக்க, மழைநாட்கள் மட்டும் குறைந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.