குளத்துச் சேற்றை வைத்துப் பழைய காலத்து மழையைச் சொல்ல முடியுமா?

மழைமானி இல்லாத காலத்து மழையை ஏரிச் சேறு எப்படிச் சொல்லும், அதை எவ்வளவு நம்பலாம், இலங்கையில் இத்தனை குளங்கள் இருக்கே அவற்றைத் தோண்டிப் பார்த்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இந்தச் சேற்றோடுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சேறு மழையை மில்லிமீற்றர் கணக்கில் சொல்லாது. ஏரியில் தண்ணீர் ஏறியதா வற்றியதா, சுற்றிவரக் காடு நின்றதா புல்வெளி கிடந்ததா, வெள்ளம் மேட்டு மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கொட்டியதா, இவ்வளவுதான் அதில் இருக்கும். அங்கிருந்து மழைக்குப் போவது நாங்கள். சிக்கல் வருவதும் அந்த இடத்தில்தான்.

ஏரியின் ஆழமான பகுதியில் நீண்ட குழாயை இறக்கி, அடுக்குக் குலையாமல் சேற்றை மேலே எடுப்பார்கள். குழாயை நீளவாக்கில் பிளந்ததும் அழுகிய முட்டை நாற்றம் வரும். உள்ளே கரும்பச்சையும் கறுப்புமாக வரிகள் தெரியும், ஆனால் காற்றுப் பட்டதும் கறுப்பு மங்கிப் பழுப்பாக மாறத் தொடங்கிவிடும், அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன் படம் எடுத்துவிட வேண்டும். அப்புறம்தான் துண்டு துண்டாக வெட்டுவது. மகரந்தத்தின் வெளிச்சுவர் அமிலத்துக்கும் அசையாது. மற்றதையெல்லாம் கரைத்துவிட்டு நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாக எண்ணினால் அந்தக் காலத்துத் தாவரங்கள் தெரியவரும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று நத்தை ஓடு. ஏரி நீர் ஆவியாகும்போது எடை குறைந்த ஒட்சிசன் 16 முந்திக்கொண்டு போய்விடும், கனமான ஒட்சிசன் 18 தண்ணீரில் தங்கும், நத்தை அந்தத் தண்ணீரிலிருந்துதான் ஓட்டைக் கட்டுகிறது. வெளியேற வழியில்லாத ஏரி என்றால், மழை குறைந்த காலத்து ஓட்டில் ஒட்சிசன் 18 கூடியிருக்கும். இந்தியாவின் ஹரியானாவில் கோட்லா தஹர் என்ற பழைய ஏரியின் நத்தை ஓடுகளை இப்படி அளந்துதான், சுமார் 4,100 வருடங்களுக்கு முன் அங்கே கோடைப் பருவமழை பலவீனமானது என்று 2014இல் எழுதினார்கள். சிந்துவெளி நகரங்கள் தளர்ந்த காலமும் ஏறத்தாழ அதுதான். மழை போனதால்தான் நகரங்கள் தளர்ந்தன என்று அந்த ஓடு சொல்லவில்லை, அது தனி வழக்கு.

எவ்வளவு நம்பலாம் என்றால், நான் முதலில் பார்ப்பது திகதியைத்தான். செத்த உயிரில் மெல்லச் சிதைந்து குறையும் காபன் 14 எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்துதான் வயதைக் கணிப்போம். அது பாதியாகக் குறையும் அரை ஆயுள் 5,730 வருடம், கணக்கின் அடிப்படை நேரானது. ஆனால் யாழ்ப்பாணம் மாதிரிச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் கல்லிலிருந்து கரைந்த பழைய காபன் நீர்த்தாவரத்திலும் ஓட்டிலும் ஏறிவிடும், உண்மை வயதைவிடப் பல நூறு வருடங்கள் கூடக் காட்டும். கரையிலிருந்து விழுந்த இலைத்துண்டு, விதை, கரித்துண்டு கிடைத்தால்தான் மனசு ஆறும். இரண்டே இரண்டு திகதிகளை வைத்து வரைந்த நீண்ட வரைபடத்தைக் கண்டால், தயவுசெய்து தலைப்புச் செய்தியை நம்பிவிடாதீர்கள்.

சரி, இலங்கைக்கு வருவோம். இங்கே எந்த மழை என்ற கேள்வி பெரிய தலையிடி. தென்மேல் பருவப்பெயர்ச்சியும் உண்டு, வடகீழும் உண்டு, கொழும்பில் கொட்டித் தீர்க்கும் ஒக்டோபர் மழையோ இரண்டுக்கும் இடைப்பட்டது. ‘ஈரமான காலம்’ என்று ஓர் அடுக்கு சொன்னால் அது எந்தக் காற்றின் ஈரம்? 2,000 மீற்றருக்கு மேல் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்புப் படிவில் சுமார் 24,000 வருடத்து மகரந்தப் பதிவு இருக்கிறது, பனியுக உச்சத்தில் அங்கே வறட்சி என்று அது காட்டுகிறது, அருமையான வேலை. ஆனால் அந்த மேட்டில் இரண்டு காற்றுமே மழை தரும். ஆகவே மேற்கிலும் கிழக்கிலும் தனித்தனியாகப் படிவு எடுத்து ஒப்பிடாமல் முடிவு சொல்லக் கூடாது. கொழும்புக்குத் தெற்கே பொல்கொட ஏரி கைக்கெட்டும் தூரம்தான், ஆனால் பாணந்துறையில் கடலோடு தொடர்பு, கடல் ஏறியதும் இறங்கியதும் மழையோடு கலந்து பதிவாகியிருக்கும்.

குளங்களைத் தோண்டலாமா? கொழும்பின் பேர வாவி உட்படப் பெரும்பாலானவை மனிதர் கட்டியவை, கட்டிய நாளுக்கு முந்தைய குளத்துச் சேறு அவற்றில் இருக்காது. கலா வாவி 5ஆம் நூற்றாண்டு, அனுராதபுரத்துக் குளங்கள் சில அதைவிடப் பழையவை. வற்றி வெடித்து மாடு மிதித்த இடங்களில் அடுக்குக் குழம்பியிருக்கும், நடுவில் ஆழமான பள்ளத்தில் தப்பியிருக்க வாய்ப்புண்டு. வறட்சியில் தூர்வாரும்போது அதையும் அள்ளி லொறியில் ஏற்றிவிடுகிறார்கள். விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும், தூர்வாருவதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இறங்குவதற்கு முந்தின நாள், அந்தப் பள்ளத்தில் ஒரேயொரு குழாய் இறக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஊர்க் கமக்காரர் அமைப்பில் உங்களுக்கு யாரையாவது தெரியும் என்றால் சொல்லிப் பாருங்கள்.