தம்பியை ஜெயிலிலிருந்து எடுக்க நான் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கம் கணவர், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். என் தம்பியும் இங்கேதான் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறான். போன சனிக்கிழமை இரவு, அவனோடு ஒரே அபார்ட்மென்டில் தங்கியிருக்கும் பையனுக்கும் அவனுக்கும் வாடகைப் பணத்தில் தகராறு. இரண்டு பேரும் குடித்திருந்தார்கள். தம்பி பாட்டிலால் அடித்துவிட்டான். அந்தப் பையனுக்குத் தலையில் தையல் போட்டிருக்கிறது. தம்பி மேல் ‘அக்ரவேட்டட் அசால்ட்’ (கடுமையான தாக்குதல்) என்று கேஸ் போட்டு கவுண்டி ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். ஜாமீன் 40,000 டாலர். பாண்ட் கம்பெனிக்காரர் 4,000 டாலரும் என் கையெழுத்தும், ஈடாக எங்கள் காரும் கேட்கிறார். கணவர் தயங்குகிறார். திருச்சியிலிருந்து அப்பா, “அந்தப் பையன் வீடு தஞ்சாவூரில்தான் இருக்கிறது, நேரில் போய்க் காலில் விழுந்தாவது கேஸை வாபஸ் வாங்க வைக்கிறேன்” என்கிறார். தம்பி தினமும் போன் செய்து, நடந்ததைச் சொல்லிச் சொல்லி அழுகிறான். 4,000 டாலர் திரும்ப வருமா? நான் கையெழுத்துப் போடலாமா?
- வாசகி, டெக்சாஸ்

பதில்: அன்புச் சகோதரிக்கு, பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நீங்கள் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இரண்டு இருக்கிறது.

முதலில் அப்பாவுக்குப் போன் செய்து, தஞ்சாவூருக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். பெற்ற மனம் தவிப்பது புரிகிறது. நம் ஊரில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் பல விஷயம் முடிந்துவிடும். ஆனால் டெக்சாஸில் இந்தக் கேஸ் அடிபட்ட பையனுடையது அல்ல, அரசாங்கத்துடையது. அவனே வந்து “வேண்டாம், விட்டுவிடுங்கள்” என்றாலும் நடத்துவதா கைவிடுவதா என்று முடிவு செய்வது அரசு வழக்கறிஞர்தான். அதைவிட மோசம், அப்பா போய்க் கெஞ்சுவதும் ஆஸ்பத்திரிச் செலவைத் தருகிறேன் என்று சொல்வதும் சாட்சியைக் கலைத்ததாகத் தம்பி தலையில் விழலாம். அப்பா நல்ல எண்ணத்தில் போட்ட ஒரு வாட்ஸ்அப் மெசேஜை அந்தப் பையன் போலீசிடம் காட்டினால் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உங்கள் குடும்பத்துக்குத் தோன்றினால், அது வக்கீல் மூலமாக, வக்கீல் சொல்லும் நேரத்தில் நடக்கட்டும்.

அடுத்தது தம்பியின் போன். கவுண்டி ஜெயிலிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும், இந்தப் பேச்சு பதிவாகிறது என்று ஒரு குரல் சொல்லும். தினமும் கேட்டுக் கேட்டு அது காதில் விழாமலே போய்விடும். தமிழில்தானே பேசுகிறோம், இவர்களுக்கு என்ன புரியும் என்று நினைக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்து எழுதி வாங்கிக் கோர்ட்டில் கொடுப்பார்கள். “ஆத்திரத்துல எடுத்து அடிச்சிட்டேன்க்கா” என்று அவன் அழுதுகொண்டே சொல்லும் ஒரு வரி, ஒப்புதல் வாக்குமூலமாகப் போய் நிற்கும். இன்று அவன் கூப்பிட்டால், “கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, வக்கீலிடம் மட்டும் பேசு” என்று சொல்லுங்கள். சாப்பிட்டானா, தூங்கினானா, மாத்திரை ஏதாவது வேண்டுமா, இதையெல்லாம் கேட்கலாம். வீடியோ சந்திப்புக்கும் இதே கட்டுப்பாடுதான். இதுவரை அவன் என்னென்ன சொன்னான் என்பதை நீங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். அந்த இரவு நண்பர்கள் குரூப்பில் வந்த மெசேஜ், படம் எதையும் யாரும் அழிக்கக் கூடாது. ஆதாரத்தை அழிப்பது இன்னொரு குற்றம்.

சரி, பாண்ட் விஷயத்துக்கு வருவோம்.

நம் ஊர் ஜாமீனை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது குழப்பும். அங்கே தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஜாமீன்தாரராக வந்து, ஆவணங்களைக் காட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். இங்கே அந்த ஜாமீன்தாரர் வேலையை ஒரு கம்பெனி காசு வாங்கிக்கொண்டு செய்கிறது. உலகத்தில் அமெரிக்காவையும் பிலிப்பைன்ஸையும் விட்டால் இப்படி ஜாமீனை வியாபாரமாக நடத்தும் நாடு அநேகமாக இல்லை. அமெரிக்காவிலேயே கென்டக்கி மாநிலம் 1976இல் இந்தத் தொழிலைத் தடை செய்தது. இல்லினாய் 2023 செப்டம்பரில் பணம் கட்டி ஜாமீன் பெறும் முறையையே எடுத்துவிட்டது. கையில் காசு இருப்பவன் வீட்டுக்குப் போக, இல்லாதவன் உள்ளே கிடப்பது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணமும். ஆனால் நீங்கள் இருப்பது டெக்சாஸ், அங்கே இருக்கும் வழியில்தான் தம்பியை எடுக்க வேண்டும்.

4,000 டாலர் திரும்ப வராது. தம்பி நாளைக்கே நிரபராதி என்று ஆனாலும், கேஸே தள்ளுபடி ஆனாலும் வராது. அது கம்பெனியின் கட்டணம். ஜாமீன் தொகையில் பத்து சதவீதம் என்பது பரவலான வழக்கம். டெக்சாஸில் இதற்கு அரசு விலை நிர்ணயம் கிடையாது, அதனால் இரண்டு மூன்று கம்பெனியில் விசாரித்துவிட்டுப் பேரம் பேசலாம். தவணையில் கட்டவும் சிலர் ஒத்துக்கொள்வார்கள். பெரிய கவுண்டிகளில் இந்தக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் பெயில் பாண்ட் போர்டு என்று ஒன்று இருக்கும். அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

40,000 டாலர் முழுவதையும் ரொக்க ஜாமீனாக நேரடியாகக் கட்டினால் கதை வேறு. தம்பி எல்லா வாய்தாவுக்கும் ஆஜராகி, நிபந்தனைகளை மதித்து நடந்தால், கேஸ் முடிந்ததும் சிறு நிர்வாகக் கட்டணம் போக மொத்தமும் திரும்ப வரும். ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும், ஆகவே கட்டுபவர் தன் பெயரிலேயே ரசீது வாங்க வேண்டும். ஒன்றிரண்டு வருடம் அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். சொந்தக்காரர்கள் சேர்ந்து புரட்ட முடிந்தால் யோசியுங்கள். முடியாவிட்டால் மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். எதுவும் கட்டாமல் சொந்தப் பொறுப்பில் விடும் பர்சனல் பாண்ட் என்று ஒன்று உண்டு. 2021இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, இந்த மாதிரி வன்முறை வழக்குகளுக்கு அது டெக்சாஸில் கிடைப்பதில்லை.

40,000 என்பதும் கல்லில் எழுதியது அல்ல. ஜாமீன் தொகையை ஒடுக்கும் ஆயுதமாகப் பயன்படுத்தக் கூடாது, கட்டும் சக்தியையும் பார்க்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டமே சொல்கிறது. குறைக்கச் சொல்லி வக்கீல் மனுப் போடலாம். அதற்குச் சில நாள் பிடிக்கும் என்பதையும், அடிபட்டவரின் பாதுகாப்பையும் நீதிபதி பார்ப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்றை அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். தம்பி மேல் குடியேற்றத் துறையின் ‘ஐஸ் ஹோல்ட்’ இருக்கிறதா? ஜெயிலில் விசாரிக்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். அது இருந்தால், நீங்கள் பாண்ட் கட்டிய பிறகு அவன் வீட்டுக்கு வரமாட்டான், நேராகக் குடியேற்றத் துறையின் காவலுக்குப் போவான். கட்டிய 4,000மும் போன மாதிரிதான். எச்1பி செல்லுபடியாகும் நிலையில் இருப்பவருக்கு இது வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் விசாரிக்காமல் கட்டாதீர்கள்.

இனி உங்கள் கையெழுத்து. நீங்கள் போடப்போவது சிபாரிசுக் கையெழுத்து இல்லை. தம்பி ஒரு வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால் அந்த 40,000 டாலரையும், அவனைத் தேடிப் பிடிக்க ஆகும் செலவையும் நான் தருகிறேன் என்ற ஒப்பந்தம் அது. கார் அதற்கு ஈடு. கேஸ் முடிந்த பிறகு ஈட்டைத் திருப்பித் தர வேண்டும். எப்போது, எந்தத் தாளைக் காட்டினால் தருவார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மாதாமாதம் கட்ட வேண்டிய தொகை, வாராவாரம் ஆபீசுக்கு வந்து கையெழுத்திடும் விதி, எந்தெந்தக் காரணத்துக்காகக் கம்பெனி அவனைத் திரும்ப ஜெயிலில் ஒப்படைக்கலாம் என்ற பகுதி, இவற்றைக் கணவரோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். கவுன்ட்டரில் நின்றுகொண்டு படிக்கிற தாள் இல்லை அது. பிரதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

உங்கள் கணவர் தயங்குவதில் தப்பில்லை. அதைப் பாசம் இல்லாததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பிள்ளைகள் வளரும் வீட்டில் 40,000 டாலர் பொறுப்பை ஏற்பதற்கு அவர் மனம் ஒப்ப வேண்டும். அவரிடம் மறைத்து இதைச் செய்யாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் போடுவேனா? தம்பி உங்கள் வீட்டில் வந்து தங்குவான், குடிக்க மாட்டான், சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பான் என்று உங்களுக்கு நிஜமாகவே நம்பிக்கை இருந்தால் போடுவேன். உள்ளே இருப்பவனால் வக்கீலோடு நிம்மதியாக உட்கார்ந்து பேச முடியாது. வேலையும் போய்விடும். எச்1பியில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். ஆனால் பயத்தில் இந்தியாவுக்குக் கிளம்பிவிடுவானோ என்ற சந்தேகம் உங்கள் அடிமனதில் துளி இருந்தாலும் போடாதீர்கள். அப்படிப் போனால் பாண்ட் பணத்தோடு நிற்காது. வாரன்ட் வரும், ஆஜராகாததே தனிக் குற்றமாகும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது “ஒரே அபார்ட்மென்டில் தங்கியிருக்கும் பையன்” என்ற வரிதான். டெக்சாஸ் சட்டப்படி ஒரே வீட்டில் சேர்ந்து வசிப்பவர்கள், உறவே இல்லாவிட்டாலும், ஒரே குடித்தனம். அதனால் அறைத் தோழனை அடித்தது குடும்ப வன்முறைக் கணக்கில் சேரும். ஆபத்தான ஆயுதத்தைப் பயன்படுத்தியதாகச் சொல்லும் கேஸில் (பாட்டிலும் அடிக்கும் விதத்தில் அப்படி ஆகிவிடும்) மாஜிஸ்ட்ரேட் அவசரப் பாதுகாப்பு உத்தரவு போடுவார். அது 61 முதல் 91 நாள் வரை இருக்கும். அதுவரை தம்பி அந்த அபார்ட்மென்டுக்குப் போக முடியாது, தன் துணியை எடுக்கக்கூட. போலீசை உடன் வைத்துக்கொண்டு போக முடியுமா என்று வக்கீல் மூலம் கேட்க வேண்டும். அந்தப் பையனுக்கு ஒரு “சாரி” மெசேஜ் அனுப்பினாலும் உத்தரவை மீறியதாகலாம், மறுபடி கைதாகலாம், அப்போது ஜாமீனே மறுக்கப்படலாம். நீங்கள் கையெழுத்துப் போட்ட பாண்டுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஊரை விட்டு ஓடுவதைவிட, நள்ளிரவில் மனது கேட்காமல் ஒரு மெசேஜ் அனுப்பிவிடுவதுதான் இந்த வயதுப் பையன்கள் செய்யக்கூடியது.

குற்றச்சாட்டின் கனத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் நிலை ஃபெலனி (கடுங்குற்றம்), 2 முதல் 20 வருடம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். காயம் மிகக் கடுமையானது என்று மருத்துவ அறிக்கை சொன்னால், ஒரே குடித்தனம் என்பதால் முதல் நிலைக்கே போகலாம். அரசு வழக்கறிஞர் கிராண்ட் ஜூரி (குற்றச்சாட்டு நிற்குமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) முன் கொண்டுபோவதற்குள் நல்ல வக்கீல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆகவே கையிலுள்ள பணம் பாண்டுக்கா வக்கீலுக்கா என்ற நிலை வந்தால், முதலில் வக்கீல். டெக்சாஸில் சில வக்கீல்கள் தங்கள் கட்சிக்காரருக்குத் தாங்களே பாண்ட் போட்டும் எடுப்பார்கள், அதையும் கேளுங்கள்.

கிரிமினல் வக்கீலோடு குடியேற்ற வக்கீல் ஒருவரும் வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் தயங்காமல் கேளுங்கள். குறிப்பாக ஒன்று. ‘டெஃபர்ட் அட்ஜூடிகேஷன்’ என்று ஒரு சமரசம் முன்வைக்கப்படலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு சில வருடம் ஒழுங்காக இருந்தால் டெக்சாஸ் ஏட்டில் தண்டனை ஏறாது என்பார்கள். குடியேற்றச் சட்டம் அதையும் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். அவன் நாடு கடத்தப்படும் நிலை வரலாம். ஜெயிலிலிருந்து வெளியே வர வேண்டும் என்ற வேகத்தில் அதற்குத் தலையாட்டிவிடாதபடி அவனிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும், அதையும் வக்கீல் நேரில் சொல்லட்டும்.

ஹூஸ்டனில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை தம்பிக்கு உண்டு. அவர்கள் ஜாமீன் கட்ட மாட்டார்கள், கேஸில் தலையிடவும் மாட்டார்கள். போய்ப் பார்ப்பார்கள், வக்கீல்கள் பட்டியல் தருவார்கள்.

அவனைக் கூட்டிவரப் போகும்போது ஒரு மாற்றுத் துணியும் போன் சார்ஜரும் கொண்டுபோங்கள். விடுவிக்கும் வேலை முடிய மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் நடு இரவில்தான் விடுவார்கள். கையில் தரும் தாள்களில் நிபந்தனைகளும் அடுத்த வாய்தாத் தேதியும் இருக்கும். காரில் வைத்தே இருவரும் படித்து, போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்பிவிடுங்கள்.